ஜாவா வெப் அப்ளிகேஷனில் ரிக்வெஸ்ட் பாடியை வந்தது வந்தபடியே எடுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: ஜாவாவில் ஒரு வெப் அப்ளிகேஷன் ஓடுகிறது. வெளியிலிருந்து இன்னொரு சர்வீஸ் அதற்கு போஸ்ட் ரிக்வெஸ்ட் அனுப்புகிறது. அதன் பாடியை, அதாவது ஹெடர்களுக்குப் பின் வரும் உள்ளடக்கத்தை, ஒரு எழுத்துகூட மாறாமல் எடுத்து, அனுப்பியவர் அதற்கு இட்ட டிஜிட்டல் கையொப்பம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். லாகிலும் எழுத வேண்டும். ஃபில்டரில் (ரிக்வெஸ்டை வழியில் முதலில் பார்க்கும் கோடு) படித்தால் அங்கே கிடைக்கிறது, ஆனால் அதன்பின் கன்ட்ரோலருக்கு (ரிக்வெஸ்டைக் கையாளும் கோடு) பாடி காலியாகப் போகிறது. சில ரிக்வெஸ்டுகளில் ஃபில்டருக்கே காலியாகத்தான் வருகிறது. ஏன், எப்படிச் சரிசெய்வது?

இரண்டும் வேறு வேறு கோளாறு போலத் தெரியும். வேர் ஒன்றுதான். ரிக்வெஸ்ட் பாடி என்பது ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்டுக்குள் எங்கோ பத்திரமாக வைத்திருக்கும் சரக்கு அல்ல. அது நெட்வொர்க் இணைப்பில் இன்னும் வந்துகொண்டிருக்கும் பைட்டுகள். உங்கள் சர்வ்லெட் (ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) ஓடத் தொடங்கும்போது, அதை ஓட்டும் டாம்கேட் போன்ற சர்வர், அதாவது கன்டெய்னர், முதல் வரியையும் ஹெடர்களையும் மட்டுமே படித்து முடித்திருக்கும். பாடியின் பெரும்பகுதி அந்த நேரத்தில் அனுப்புநரின் கணினியை விட்டே கிளம்பாமல்கூட இருக்கலாம். நீங்கள் ஸ்ட்ரீமில் ரீட் கேட்கக் கேட்க, கன்டெய்னர் சாக்கெட்டிலிருந்து எடுத்துத் தருகிறது. தந்ததை அது வைத்துக்கொள்வதில்லை. ஐந்து ஜிபி கோப்பை ஒருவர் அனுப்பினாலும் சர்வர் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால் இப்படித்தான் இருந்தாக வேண்டும். ஆகவே முதலில் படிப்பவருக்குப் பாடி கிடைக்கும்; அடுத்து வருபவருக்கு ஸ்ட்ரீம் முடிந்துவிட்டது என்ற பதில்தான் கிடைக்கும்.

மார்க், ரீசெட் வைத்துத் திரும்பப் போகலாமே என்று பலர் முயல்வார்கள். சர்வ்லெட்இன்புட்ஸ்ட்ரீம் அதை ஆதரிப்பதில்லை. அதை ஒரு பஃபர்டுஇன்புட்ஸ்ட்ரீமுக்குள் போட்டுப் படித்துவிட்டு ரீசெட் செய்தால் உங்கள் கையிலிருக்கும் அந்த உறை மட்டும் பின்னால் போகும். ரிக்வெஸ்டிடம் மறுபடி ஸ்ட்ரீம் கேட்கும் கன்ட்ரோலருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பாடியைப் படிக்க வெளிப்படையான வழி இரண்டு. கெட்இன்புட்ஸ்ட்ரீம் பைட்டுகளாகத் தரும். கெட்ரீடர் எழுத்துகளாக மாற்றித் தரும். ஒரே ரிக்வெஸ்டில் இரண்டையும் கூப்பிட முடியாது. ஒன்றைக் கூப்பிட்டபின் மற்றதைக் கூப்பிட்டால் இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன் வரும். இது சத்தமாக விழுகிற பிழை என்பதால் யாரும் இதில் அதிக நேரம் இழப்பதில்லை.

நேரத்தைத் தின்பது மூன்றாவது வழி. அது கெட்பாராமீட்டர். பெயரைப் பார்த்தால் யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை எடுக்கும் சாதாரண மெத்தட் போல இருக்கும். ஆனால் ரிக்வெஸ்ட் போஸ்டாக இருந்து, அதன் கன்டென்ட் டைப் 'அப்ளிகேஷன், எக்ஸ் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ ஃபார்ம் யூஆர்எல் என்கோடட்' என்ற வகையாகவும் இருந்தால், அந்த மெத்தடை முதன்முறை கூப்பிட்டதுமே கன்டெய்னர் பாடி முழுவதையும் படித்து, பாராமீட்டர்களாகப் பிரித்து வைத்துக்கொள்ளும். சர்வ்லெட் விதிமுறையே அப்படித்தான் சொல்கிறது. அதன்பிறகு ஸ்ட்ரீமில் ஒன்றும் மிச்சமிருக்காது, எக்ஸெப்ஷனும் வராது. சில ரிக்வெஸ்டுகளில் மட்டும் ஃபில்டருக்கே காலியாக வருகிறது என்றீர்களே, அவை பெரும்பாலும் ஃபார்ம் வகை ரிக்வெஸ்டுகளாகத்தான் இருக்கும். உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் ஏதோ ஒரு ஃபில்டர் கெட்பாராமீட்டரைத் தொட்டிருக்கிறது.

அந்த 'ஏதோ ஒன்று' யார் என்று தேடும்போது முதலில் ஸ்பிரிங் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கின் ஹிட்டன்எச்டிடிபிமெத்தட்ஃபில்டரைப் பாருங்கள். போஸ்டுக்குள் ஒளிந்திருக்கும் புட், டெலீட்டைக் கண்டுபிடிக்க அது ஒரு பாராமீட்டரைக் கேட்கும். ஸ்பிரிங் பூட் 2.2 முதல் அதைத் தானாக இயக்குவதில்லை. பழைய புராஜெக்டுகளில் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும். அடுத்தது ஸ்பிரிங் செக்யூரிட்டியின் சிஎஸ்ஆர்எஃப் ஃபில்டர். பயனர் பெயரில் வேறு தளம் அனுப்பவைக்கும் போலி ரிக்வெஸ்டுகளைத் தடுப்பது அதன் வேலை. டோக்கனை ஹெடரில் தேடி, அங்கே இல்லாவிட்டால் பாராமீட்டரில் தேடும். ஸ்பிரிங் பூட்டில் நீங்கள் ஆர்டர் எதுவும் கொடுக்காமல் ஒரு ஃபில்டரை பீனாக (ஸ்பிரிங் நிர்வகிக்கும் ஆப்ஜெக்டாக) பதிவு செய்தால் அது வரிசையின் கடைசிக்குப் போய்விடும். செக்யூரிட்டி அதற்கு வெகு முன்னால் ஓடி முடித்திருக்கும். ஜேசன் (கீ, மதிப்பு என்று தகவலை எழுதும் வடிவம்) ரிக்வெஸ்டுகளில் இதனால் பாதிப்பில்லை, ஏனென்றால் ஜேசன் பாடியை கெட்பாராமீட்டர் தொடுவதில்லை. அதனால்தான் ஜேசனை வைத்துச் சோதித்தவர்களுக்கு எல்லாம் சரியாக இருக்கும். ஃபார்ம் வரும் நாளில் உடையும்.

சரி, தீர்வுக்கு வருவோம். ஃபில்டர், ராப்பர் (ரிக்வெஸ்டின்மேல் போடும் உறை) என்று கிளம்பும் முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அசல் பாடி உண்மையில் எத்தனை இடங்களில் வேண்டும்? ஒரே ஒரு வெப்ஹுக் முகவரிக்கு (வெளி சர்வீஸ் தானாகச் செய்தி அனுப்பும் முகவரி) மட்டும் என்றால் ஃபில்டரே வேண்டாம். சாதாரண சர்வ்லெட்டில் கெட்இன்புட்ஸ்ட்ரீமைக் கூப்பிட்டு, அதன்மேல் ரீட்ஆல்பைட்ஸ் கூப்பிட்டால் பைட் அர்ரே கையில் வந்துவிடும். அந்த மெத்தட் ஜாவா 9இல் வந்தது. ஜாவா 8 என்றால் ஒரு பைட்அர்ரேஅவுட்புட்ஸ்ட்ரீமை வைத்து, ரீட் மைனஸ் ஒன்றைத் திருப்பும்வரை லூப் ஓட்டுங்கள். ஸ்பிரிங் என்றால் கன்ட்ரோலர் மெத்தடில் ரிக்வெஸ்ட்பாடி அனோட்டேஷன் போட்ட ஆர்குமென்டின் வகையை உங்கள் கிளாஸுக்குப் பதில் பைட் அர்ரே என்று மாற்றினாலே ஜேசன் பாடி அப்படியே வந்து நிற்கும். கையொப்பத்தைச் சரிபார்த்துவிட்டு, அதே பைட்டுகளை ஆப்ஜெக்ட்மேப்பரிடம் நீங்களே கொடுத்து ஆப்ஜெக்டாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு முறை படிப்பு, இரண்டு பயன். நான் பார்த்த புராஜெக்டுகளில் பாதிக்கு மேல் இதுவே போதுமானதாக இருந்தது. ஆனாலும் ராப்பர் எழுதி வைத்திருந்தார்கள்.

பைட் அர்ரேயும் வேண்டும், ஆப்ஜெக்டும் வேண்டும் என்று ஒரே மெத்தடில் இரண்டு ஆர்குமென்டுகளுக்கும் ரிக்வெஸ்ட்பாடி அனோட்டேஷன் போட்டுவிடாதீர்கள். முதல் ஆர்குமென்டுக்காகவே ஸ்ட்ரீம் தீர்ந்துவிடும். இரண்டாவதுக்குப் பாடி இல்லை என்றோ, ஸ்ட்ரீம் மூடப்பட்டுவிட்டது என்றோ பிழை வரும்.

ஆர்குமென்டை ஸ்ட்ரிங் என்று வைத்தால் என்ன என்று கேட்கலாம். இங்கே சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தின் முக்கால்வாசிப் பிழைகள் இதில்தான் பிறக்கின்றன. அசல் பாடி என்றால் பைட்டுகள். ஸ்ட்ரிங் என்பது அந்தப் பைட்டுகளை யாரோ ஒரு கேரக்டர் செட்டைக் (எந்தப் பைட்டு எந்த எழுத்து என்ற அட்டவணை) கொண்டு வாசித்துச் சொன்ன பொருள். வாசித்தவர் தவறான செட்டைக் கையில் வைத்திருந்தால் பொருளும் தவறாகிவிடும். கன்டென்ட் டைப் ஹெடரில் கேரக்டர் செட் குறிப்பிடப்படாவிட்டால் கெட்ரீடர் ஐஎஸ்ஓ 8859-1 என்றே எடுத்துக்கொள்ளும். சர்வ்லெட் விதிமுறையில் அதுதான் இயல்புநிலை. ஜேசன் அனுப்புபவர்களோ பெரும்பாலும் கேரக்டர் செட்டைக் குறிப்பிடுவதே இல்லை, ஏனென்றால் 2017இல் வந்த ஆர்எஃப்சி 8259 என்ற இணையத் தர ஆவணம் வெவ்வேறு சிஸ்டங்களுக்கு இடையே பரிமாறும் ஜேசன் யூடிஎஃப்-8இல்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. இப்படி அனுப்புபவர் ஒன்றை நினைத்து அனுப்ப, பெறுபவர் இன்னொன்றாக வாசிக்கிறார்.

நானே இதில் மாட்டியிருக்கிறேன். ஒரு வெளி சர்வீஸ் அனுப்பும் செய்திகளின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வேலை. மாதக்கணக்கில் நன்றாக ஓடியது. அப்புறம் அவ்வப்போது ஒரு செய்தி மட்டும் கையொப்பம் பொருந்தவில்லை என்று நிராகரிக்கப்பட்டது. சாவி மாறிவிட்டதா, நேரம் தவறா, இடையில் இருக்கும் ப்ராக்ஸி எதையாவது மாற்றுகிறதா என்று இரண்டு நாள் தேடினோம். நிராகரிக்கப்பட்ட செய்திகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் பெயர் தமிழில் இருந்தது. எங்கள் கோடு கெட்ரீடரில் படித்து ஸ்ட்ரிங்காக்கி, கையொப்பம் கணக்கிடும்போது அதை மறுபடி யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றியது. 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அது 5 குறியீடுகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு, ஆக 15. அதை 8859-1 ஆக வாசித்தால் 15 தனித்தனி எழுத்துகள் ஆகின்றன. அந்தப் 15ம் யூடிஎஃப்-8இல் தலா 2 பைட்டு பிடிக்கும் எழுத்துகள். திரும்ப பைட்டாக்கும்போது 30 ஆகிவிட்டது. ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தால் இரண்டு செட்டிலும் ஒரே பைட்டுதான், அதனால் அவை எல்லாம் பிழையில்லாமல் கடந்துபோயின. கோடில் மாற்றியது ஒரே வரி: கெட்ரீடருக்குப் பதில் கெட்இன்புட்ஸ்ட்ரீம்.

ஸ்பிரிங் பூட் ரிக்வெஸ்டுகளுக்கு யூடிஎஃப்-8ஐத் தானே வைத்துவிடுகிறதே என்று சொல்லலாம். ஆமாம், அதற்கென்று கேரக்டர்என்கோடிங்ஃபில்டர் ஒன்று வரிசையின் தொடக்கத்திலேயே ஓடுகிறது. நீங்களே செட்கேரக்டர்என்கோடிங்கைக் கூப்பிடுவதாக இருந்தால் கெட்ரீடருக்கும் கெட்பாராமீட்டருக்கும் முன்னதாகக் கூப்பிட வேண்டும், பின்னால் கூப்பிட்டால் பலனில்லை. ஆனால் செட் சரியாக இருந்தாலும் ஸ்ட்ரிங் வழி ஆபத்துதான். யூடிஎஃப்-8 ஆகாத ஒரு பைட்டு வந்தால் ஜாவா அதன் இடத்தில் மாற்றுக்குறி ஒன்றை வைத்துவிட்டு மேலே போகும்; அசல் பைட்டு என்ன என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு பழக்கமும் உண்டு: ரீட்லைன் லூப் போட்டு ஸ்ட்ரிங்பில்டரில் சேர்ப்பது. ரீட்லைன் வரி முடிவுக் குறிகளைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் வரியைத் தருகிறது. ஜேசனைப் பார்ஸ் செய்ய அது பரவாயில்லை. கையொப்பத்துக்கு அது வேறு ஒரு ஆவணம்.

கையொப்பம் என்று வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். கிட்ஹப் தன் வெப்ஹுக்கில் எச்மேக், ஷா-256 முறையில் (ரகசியச் சாவியைச் சேர்த்துக் கணக்கிடும் ஹாஷ்) பாடிக்கு ஒரு கையொப்பம் கணக்கிட்டு ஹெடரில் அனுப்புகிறது. ஸ்ட்ரைப்பும் ஸ்லாக்கும் பாடியோடு நேரமுத்திரையையும் சேர்த்துக் கையொப்பமிடுகின்றன. பழைய செய்தியை ஒருவர் பிடித்துவைத்து மறுபடி அனுப்புவதை அது தடுக்கும். எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான்: அனுப்பியவர் கணக்கிட்ட அதே பைட்டுகளில் நீங்களும் கணக்கிட வேண்டும். ஆப்ஜெக்டாக மாற்றி மறுபடி ஜேசனாக எழுதிக் கணக்கிட்டால் பொருந்தாது. கீகளின் வரிசை மாறலாம், இடைவெளி மறையலாம், 1.10 என்பது 1.1 ஆகலாம், எஸ்கேப் குறியீடாக வந்த எழுத்து நேரடி எழுத்தாகிவிடலாம். பொருள் ஒன்றே, பைட்டுகள் வேறு. ஒப்பிடும்போது ஸ்ட்ரிங்கின் ஈக்வல்ஸ் வேண்டாம், மெசேஜ்டைஜெஸ்ட் கிளாஸில் இருக்கும் ஈஸ்ஈக்வல் மெத்தடைப் பயன்படுத்துங்கள். எத்தனை பைட்டு வரை பொருந்தியது என்பதை ஒப்பிட ஆகும் நேரத்தை வைத்து ஊகிக்க அது இடம் தராது. கையொப்பத்தைக் கணக்கிடும் மேக் கிளாஸின் ஆப்ஜெக்டை ஒன்றே ஒன்று உருவாக்கி எல்லா த்ரெட்களுக்கும் பகிர்ந்துவிடாதீர்கள், அது உள்ளே நிலை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்.

ஸ்லாக்கின் ஸ்லாஷ் கமாண்டுகள் ஜேசனாக வருவதில்லை, ஃபார்ம் வகையாக வருகின்றன. ஃபார்ம் போஸ்டில், மேலே சொன்ன பைட் அர்ரே ஆர்குமென்ட் வழியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கெட்பாராமீட்டர் ஏற்கெனவே பாடியைத் தின்றிருக்கலாம் என்பதால், ஸ்பிரிங் ஃபார்ம் போஸ்டுகளுக்குப் பாராமீட்டர்களிலிருந்து பாடியை மறுபடி கட்டித் தரும் வழக்கம் வைத்திருக்கிறது. அனுப்பியவர் இடைவெளியை சதவீதக்குறி, 20 என்று எழுதியிருந்தால், கட்டித் தருவதில் அது கூட்டல் குறியாக இருக்கும். பாராமீட்டர் மதிப்புகள் சரி, பைட்டுகள் தவறு, கையொப்பம் பொருந்தாது. ஃபார்ம் வகைப் பாடிக்குக் கையொப்பம் பார்க்க வேண்டுமென்றால் யாரும் பாராமீட்டரைத் தொடும் முன்பே, வரிசையின் முன்னால் நிற்கும் ஃபில்டரில் பைட்டுகளைப் பிடித்தாக வேண்டும்.

பல முகவரிகளுக்கும் பொதுவாக வேண்டும் என்றாலும் ஃபில்டர்தான் சரியான இடம். முறை பழையது, 2001இல் வந்த சர்வ்லெட் 2.3இலேயே ஃபில்டரும் எச்டிடிபிசர்வ்லெட்ரிக்வெஸ்ட்ராப்பரும் உண்டு. அந்த ராப்பரை எக்ஸ்டெண்ட் செய்து உங்கள் கிளாஸ் ஒன்றை எழுதுங்கள். கன்ஸ்ட்ரக்டரில் அசல் ரிக்வெஸ்டின் ஸ்ட்ரீமை ஒரே முறை முழுதாகப் படித்து பைட் அர்ரேயாக வைத்துக்கொள்ளுங்கள். கெட்இன்புட்ஸ்ட்ரீமை ஓவர்ரைட் செய்து, கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்த அர்ரேயின்மேல் புதிய ஸ்ட்ரீம் ஒன்றைத் தாருங்கள். கெட்ரீடரையும் மறக்காமல் ஓவர்ரைட் செய்யுங்கள். விட்டுவிட்டால் அது ஏற்கெனவே ஸ்ட்ரீம் திறந்துவிட்ட அசல் ரிக்வெஸ்டிடம் போய் இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன் வாங்கி வரும். கேரக்டர் செட் குறிப்பிடப்படாத ஜேசனுக்கு இங்கே யூடிஎஃப்-8 என்று நீங்களே வைக்கலாம். பின்பு செயினின் டூஃபில்டரைக் கூப்பிடும்போது அசல் ரிக்வெஸ்டைக் கொடுக்காமல் உங்கள் ராப்பரைக் கொடுக்க வேண்டும். ராப்பரை அழகாக எழுதிவிட்டு, பழைய வேரியபிளையே அனுப்பி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கோடை எத்தனை முறை படித்தாலும் கண்ணில் படாத பிழை அது.

சர்வ்லெட் 3.1 முதல் சர்வ்லெட்இன்புட்ஸ்ட்ரீமில் மூன்று மெத்தடுகள் கூடுதலாக எழுத வேண்டும். ஈஸ்ஃபினிஷ்ட், அர்ரேயில் மிச்சம் இல்லாதபோது ட்ரூ தரட்டும். ஈஸ்ரெடி எப்போதும் ட்ரூ. செட்ரீட்லிசனர், பிளாக் ஆகாத படிப்பை நீங்கள் பயன்படுத்தாவிட்டால் ஆதரவில்லை என்று எக்ஸெப்ஷன் எறியலாம். இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்களில் இந்த மூன்றும் இருக்காது, கம்பைலே ஆகாது. பேக்கேஜ் பெயரும் பாருங்கள்: ஜகார்த்தா இஇ 9இல் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கியவை ஜகார்த்தா என்று மாறின. டாம்கேட் 10, ஸ்பிரிங் பூட் 3 முதல் புதிய பெயர்தான்.

இந்த ராப்பர்களில் அதிகம் காணும் ஓட்டை கெட்பாராமீட்டர். நீங்கள் அதை ஓவர்ரைட் செய்யாவிட்டால் அழைப்பு அசல் ரிக்வெஸ்டுக்குப் போகும். அங்கே ஸ்ட்ரீமை நீங்கள் ஏற்கெனவே காலி செய்துவிட்டீர்கள். டாம்கேட்டோ, ஸ்ட்ரீம் கேட்கப்பட்டிருந்தால் பாடியைப் பாராமீட்டராகப் பிரிக்க முயல்வதே இல்லை. விளைவு: ஜேசன் எல்லாம் ஓடும், ஆனால் லாகின் பக்கத்தில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நல் ஆகிவிடும். ஃபார்ம் வகை உங்களுக்குத் தேவையில்லை என்றால் ஃபில்டரில் கன்டென்ட் டைப்பைப் பார்த்து அவற்றை ராப் செய்யாமலே விட்டுவிடுங்கள்; அதுதான் நல்ல வழி. தேவை என்றால் கெட்பாராமீட்டர், கெட்பாராமீட்டர்வேல்யூஸ், கெட்பாராமீட்டர்நேம்ஸ், கெட்பாராமீட்டர்மேப் நான்கையும் ஓவர்ரைட் செய்து, வைத்திருக்கும் பைட்டுகளை நீங்களே பிரித்து, யூஆர்எல்லில் வந்த பாராமீட்டர்களோடு சேர்த்துத் தர வேண்டும்.

இவ்வளவு ஏன், ஸ்பிரிங்கிலேயே கன்டென்ட்கேஷிங்ரிக்வெஸ்ட்ராப்பர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பெயர் நம்பிக்கை தருகிறது, ஆனால் அதன் வேலை வேறு. அது முன்கூட்டியே எதையும் படிப்பதில்லை. கன்ட்ரோலர் படிக்கும்போது அந்தப் பைட்டுகளின் நகலைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போகும். ஆகவே டூஃபில்டருக்கு முன் கெட்கன்டென்ட்ஆஸ்பைட்அர்ரே கூப்பிட்டால் காலி அர்ரேதான் வரும். ஃபில்டரில் அதன் ஸ்ட்ரீமை நீங்களே படித்துவிட்டால் கன்ட்ரோலருக்கு மறுபடி தராது. கன்ட்ரோலர் பாடியைப் படிக்கவே இல்லை என்றால், கடைசியிலும் காலிதான். எல்லாம் முடிந்தபின் ஃபைனலி பிளாக்கில் லாக் எழுதத்தான் அது செய்யப்பட்டது. அதற்கு அருமையாகப் பொருந்தும். முன்னதாகக் கையொப்பம் பார்க்க அது உதவாது. அதன் உறவான காமன்ஸ்ரிக்வெஸ்ட்லாகிங்ஃபில்டரில் பாடியை லாகில் சேர்க்கச் சொன்னால், இயல்பாக 50 எழுத்து வரைதான் எழுதும். பாடி பாதியில் அறுந்துபோகிறது என்று வரும் கேள்விகளில் பலவற்றுக்கு அதுவே காரணம். நீளத்தைக் கூட்டினால் சரியாகிவிடும்.

லாகைப் பற்றி என் கருத்து ஒன்று. பாடியை முழுதாக லாகில் கொட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. கடவுச்சொல், அட்டை எண், முகவரி எல்லாம் அதில்தான் வரும். ஒரு முறை லாகுக்குள் போனவை பேக்கப், தேடல் கருவி என்று எங்கெல்லாமோ பரவிவிடும். பாடியின் நீளமும் ஷா-256 ஹாஷும் எழுதினாலே பெரும்பாலான சிக்கல்களைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். பிழை ஆன ரிக்வெஸ்டுகளை மட்டும், மறைக்க வேண்டிய புலங்களை மறைத்து எழுதுங்கள்.

அளவு வரம்பு அடுத்தது, இதைத் தவறாமல் வையுங்கள். நினைவகத்தில் பாடியைப் பிடித்துவைக்கும் கணத்திலிருந்து, எவ்வளவு பிடிக்கலாம் என்ற முடிவை நீங்கள் எடுக்காவிட்டால் அனுப்புபவர் எடுப்பார். டாம்கேட்டில் மேக்ஸ்போஸ்ட்சைஸ் 2 எம்பி என்று இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. அது ஃபார்ம் பாராமீட்டர்களைப் பிரிக்கும்போது மட்டும் பார்க்கப்படும் வரம்பு. நீங்கள் ஸ்ட்ரீமை நேரே படித்தால் அது குறுக்கே வராது. டாம்கேட்டின் இயல்பு த்ரெட் எண்ணிக்கை 200. இருநூறு பேர் ஒரே நேரத்தில் 10 எம்பி அனுப்பினால் பாடிக்கு மட்டும் 2 ஜிபி ஆகிறது. கன்டென்ட் லெங்த் ஹெடரை மட்டும் பார்ப்பதும் போதாது, பாடி துண்டு துண்டாக சங்க்ட் முறையில் வந்தால் அந்த ஹெடரே இருக்காது. கெட்கன்டென்ட்லெங்த் மைனஸ் ஒன்று தரும். நான் செய்வது இப்படி: ஹெடர் இருந்து, அது வரம்பை மீறியிருந்தால் உடனே 413 (பாடி மிகப் பெரிது என்ற எச்டிடிபி பிழை எண்). இல்லாவிட்டால் ஜாவா 11இல் வந்த ரீட்என்பைட்ஸ் மெத்தடுக்கு வரம்போடு ஒன்று கூட்டிக் கொடுப்பேன். வரம்பைவிட ஒரு பைட்டு அதிகமாக வந்தாலே மீறல் என்று தெரிந்துவிடும், அப்போதும் 413. எத்தனை பைட்டு இருக்கிறது என்று அறிய ஸ்ட்ரீமின் அவைலபிள் மெத்தடை நம்பாதீர்கள். இப்போதைக்குத் தடையில்லாமல் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு அது தரும் மதிப்பீடு மட்டுமே.

கோப்புகள் வரும் மல்டிபார்ட் ரிக்வெஸ்டுகளை இந்த ராப்பரின் பக்கமே விடாதீர்கள். கன்டெய்னர் அவற்றை டிஸ்கில் எழுதி சமாளிக்கும். நீங்கள் குறுக்கே நின்று நினைவகத்தில் பிடிக்க வேண்டியதில்லை.

ஜிசிப் முறையில் சுருக்கப்பட்ட பாடியும் வரலாம். டாம்கேட் உள்ளே வரும் பாடியை விரித்துத் தருவதில்லை, நீங்கள் படிப்பது சுருங்கிய பைட்டுகள்தான். கையொப்பம் சுருங்கிய வடிவத்துக்கா, விரிந்த வடிவத்துக்கா என்பதை அனுப்புபவரின் ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு வரம்பை விரித்தபின்னும் ஒரு முறை வைக்க வேண்டும், ஏனென்றால் சில கேபி மட்டுமே உள்ள ஜிசிப் பல எம்பியாக விரியக்கூடும்.

ஜேஏஎக்ஸ்-ஆர்எஸ் (ஜாவாவில் வெப் சர்வீஸ் எழுதும் இன்னொரு ஏபிஐ) பயன்படுத்துபவர்களுக்கு வேலை கொஞ்சம் எளிது. ரிசோர்ஸ் மெத்தடில் பைட் அர்ரேயையோ இன்புட்ஸ்ட்ரீமையோ நேரே ஆர்குமென்டாக எடுக்கலாம். பொதுவான இடத்தில் வேண்டுமானால் கன்டெய்னர்ரிக்வெஸ்ட்ஃபில்டரில் கெட்என்டிட்டிஸ்ட்ரீம் கூப்பிட்டுப் படித்து, அதே பைட்டுகளின்மேல் புதிய ஸ்ட்ரீமைச் செய்து செட்என்டிட்டிஸ்ட்ரீம் மூலம் திரும்ப வைத்துவிடலாம். படித்ததைத் திரும்ப வைக்கும் வழியை அந்த ஏபிஐ வடிவமைப்பிலேயே கொடுத்திருக்கிறார்கள், சர்வ்லெட்டிலும் இப்படி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஆனால் ஜேஏஎக்ஸ்-ஆர்எஸ்ஸின் ஒரு செயலாக்கமான ஜெர்சிக்கு முன்னால் ஒரு சர்வ்லெட் ஃபில்டர் கெட்பாராமீட்டரைத் தொட்டால் அங்கேயும் ஃபார்ம் பாடி போய்விடும். ஜெர்சி அதை லாகில் எச்சரிக்கையாக எழுதும். அந்த வரியைக் கண்டால் நிறுத்திப் படியுங்கள்.

கடைசியாகச் சோதனை. உண்மையான சர்வரை எழுப்பாமல் சோதிக்கும் ஸ்பிரிங்கின் மாக்எம்விசி இந்தப் பிழைகளைக் காட்டாது. அதிலுள்ள போலி ரிக்வெஸ்டில் பாராமீட்டர்களும் பாடியும் தனித்தனியாக இருக்கின்றன. கெட்பாராமீட்டரைக் கூப்பிட்டாலும் பாடி தீராது. அதனால் டெஸ்ட் பச்சையாக இருக்கும், சர்வரில் உடையும். ஸ்பிரிங்பூட்டெஸ்டில் ரேண்டம் போர்ட் அமைத்து உண்மையான டாம்கேட்டை எழுப்பி, உண்மையான எச்டிடிபி கிளையன்டிலிருந்து அனுப்புங்கள். கேரக்டர் செட் குறிப்பிடாமல், தமிழ்ப் பெயர் உள்ள ஒரு ஜேசன். வரிகள் உடைந்து, கடைசியில் ஒரு புது வரிக்குறியோடு முடியும் இன்னொரு ஜேசன். இடைவெளி சதவீதக்குறி, 20 என்று எழுதப்பட்ட ஒரு ஃபார்ம். கன்டென்ட் லெங்த் இல்லாமல் சங்க்ட் முறையில் வரம்பைவிட ஒரு பைட்டு அதிகமாக ஒன்று. பாடியே இல்லாத ஒன்று. வரம்பை மீறியதைத் தவிர ஒவ்வொன்றிலும் ஃபில்டரில் பிடித்த பைட்டுகளின் ஹாஷ், அனுப்பிய பைட்டுகளின் ஹாஷோடு பொருந்த வேண்டும், வரம்பை மீறியதற்கு 413 வர வேண்டும், மற்றவற்றில் கன்ட்ரோலருக்கும் அதே தகவல் போய்ச் சேர வேண்டும். உங்கள் கோடில் எது தவறு என்று தெரியாவிட்டால், முதலில் அந்த ஃபார்ம் டெஸ்டை எழுதி ஓட்டுங்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளைப் பார்த்தால் அதுதான் முதலில் விழும் என்று நினைக்கிறேன்.